கல்யாண நகரத்து வாயில்

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா தொடங்கப் போகின்றது. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடியில் பிறந்த ஒருவன் விழாச் செய்தியை ஊருக்கு அறிவிக்கின்றான். மணிமேகலையின் விழாவறை காதையில் நாம் காணும் காட்சி இது. பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்புங்கள், தோரணம் நாட்டுங்கள், கொடிகளை உயர்த்துங்கள் என்று சொல்லி வருபவன், இடையே அறிஞரை நோக்கியும் சில சொற்கள் சொல்கின்றான். தத்தம் சமயப் பொருளை நிலைநாட்ட வந்திருப்போர் பட்டிமண்டபத்தின் முறையை அறிந்து அதில் ஏறவேண்டும். பகைமை கொண்டவரோடு எதிர்ப்பட நேர்ந்தாலும் சினமும் பூசலும் விளைக்காமல் விலகிச் செல்லவேண்டும். இருபத்தெட்டு நாள் விழாவுக்கு வெளியூரார் பலரும் வந்து கூடும் நகரம் அது. ஆதலின் அவையின் ஒழுங்கைத் தெருவிலேயே சொல்லிவிடுவது நல்ல ஏற்பாடு. எனினும் ஓர் ஐயம் எழுகின்றது. முறையறிந்து ஏறுக என்றான் முரசறைந்தவன். அந்த முறையைப் புதிதாக வந்தவன் எவரிடம் கேட்டு அறிவான்?

வள்ளுவப் பெருந்தகை அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களைப் பொருட்பாலில் வைத்தார். விருந்தோம்பலை அறத்துப்பாலில் ஒன்பதாம் அதிகாரமாக வைத்தார். அவைக்குச் செல்பவன் எவ்வாறு பேசவேண்டும் என்பதும், இல்லத்திற்கு வருபவனை எவ்வாறு பேணவேண்டும் என்பதும் இவ்வாறு தனித்தனியே சொல்லப்பட்டன. அவைக்கே விருந்தாக வருபவனை அவையினர் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரம் இல்லை. இது குறளின் குறை என்று கூற வரவில்லை. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது என்றே கூறவருகின்றேன்.

பழைய நூல்களில் புதியவரை அவை சோதித்த செய்திகள் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்று அதன் சிறப்புப் பாயிரம் கூறும். அந்த ஆசான் நூலைக் கேளாதிருக்குமாறு அகத்தியர் தடுத்தார் என்றும், ஆசான் கேட்டுக் குற்றங்கள் கூற, தொல்காப்பியர் அனைத்திற்கும் விடை கூறினார் என்றும் நச்சினார்க்கினியர் ஒரு கதை எழுதிவைத்தார். நன்னூலின் பொதுப்பாயிரமோ மாணாக்கரை அன்னமும் பசுவும் போன்றவர், மண்ணும் கிளியும் போன்றவர், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போன்றவர் எனத் தரம் பிரித்துவிடுகின்றது. அந்த நன்னூலைச் செய்வித்தவன் கங்கர் குலத்துச் சீயகங்கன். கங்கரின் பழந்தலைநகர் நம் பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலார் என்பது இம்மலரைப் படிப்போர்க்கு மகிழ்ச்சி தரக்கூடிய ஒரு செய்தி. ஆயினும், ஓட்டைக் குடம் என்று ஒருவனை எண்ணிவிட்டபின் அவனுக்கு அவையில் என்ன வழி என்பதைப் பாயிரம் சொல்லவில்லை.

கன்னட நாட்டில் வாழும் நாம் இக்கேள்விக்கு விடை தேடிக் கல்யாண நகரம் வரை செல்வது தகும். இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவகல்யாணம்தான் அந்நகரம். மேலைச் சாளுக்கியரின் தலைநகராக விளங்கி, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் களசூரி மன்னன் பிச்சலன் கைக்கு வந்தது. அவனுடைய கருவூல அதிகாரியாக இருந்தவர் பசவண்ணர். பாகேவாடியில் அந்தணர் குடியில் பிறந்து, பூணூல் சடங்கை மறுத்து வீட்டைவிட்டு நீங்கி, கூடலசங்கமத்தில் கல்வி பெற்றவர். அவரைச் சூழ்ந்து கூடிய சரணர்கள் அமர்ந்து உரையாடிய அவையையே அனுபவ மண்டபம் என்று மரபு போற்றுகின்றது. சூனிய சிம்மாசனம் எனப்பட்ட அதன் தலைமையிருக்கையில் அமர்ந்தவர் அல்லமப்பிரபு. பள்ளிகாவியைச் சேர்ந்தவர், இளமையில் மத்தளம் வாசித்தவர்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த அவையின் உரையாடல்களை நமக்குக் காட்டும் 'சூனிய சம்பாதனை' என்னும் நூல் 15ஆம் நூற்றாண்டில் எழுந்தது. சிவகணப்பிரசாதி மகாதேவய்யா முதலில் தொகுத்தார்; பின்னர் வேறு மூவரும் விரித்தும் திருத்தியும் தொகுத்தனர். சரணர்கள் பாடிய வசனங்களை எடுத்து, அவற்றைக் கேள்வியும் விடையுமாக நிரல்படுத்தி, நாடகம் போல் அமைத்த நூல் அது. ஆகவே அனுபவ மண்டபம் என்ற பெயரில் ஒரு கட்டடம் 12ஆம் நூற்றாண்டில் நின்றதா என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதித்து வருகின்றனர். கட்டடம் இருந்ததோ இல்லையோ, கூட்டம் இருந்தது. வசனங்களே அதற்குச் சான்று. ஓர் அவை தன் பழைய நாட்களை எவ்வாறு நினைவில் வைத்துக்கொண்டது என்பதும் வரலாறுதான். இந்த நூலோ தன் அவையின் வெற்றிகளை மட்டும் நினைவில் வைக்கவில்லை.

முதலில் வாயிலில் நடந்த ஒரு செய்தி. சொன்னலிகையில், அதாவது இன்றைய சோலாப்பூரில், சித்தராமர் என்பவர் ஏரி வெட்டியும் கோயில் எழுப்பியும் பெரும்புகழ் பெற்றிருந்தார். அல்லமர் அங்கே சென்று, மண் வெட்டும் ஒட்டன் எங்கே என்று வினவினார். வேலையாட்கள் கொதித்தெழுந்தனர். அந்த மோதல் எப்படியோ அறிவுரையாக முடிந்து, சித்தராமரை அழைத்துக்கொண்டு அல்லமர் கல்யாணத்திற்கு வந்தார். பசவண்ணர் வீட்டு வாயிலில் இருவரும் நிற்கின்றனர். பசவண்ணரோ உள்ளே இலிங்க பூசையில் ஆழ்ந்திருக்கின்றார். வந்தவர்களை உள்ளே அழைத்துவருமாறு ஹடபத அப்பண்ணரை அனுப்புகின்றார். (ஹடபம் என்பது நம் அடைப்பை, வெற்றிலைப் பை.) அல்லமர் உள்ளே வர மறுத்துவிடுகின்றார். வீட்டுக்குரியவர் வராமல் பணியாளை அனுப்பி அழைக்கும் வீட்டில் தமக்கு வேலையில்லை என்பது அவர் கருத்து. அப்போது சென்னபசவண்ணர் தம் மாமனாகிய பசவண்ணரையே இடித்துரைக்கின்றார். வாயிலில் நிற்கும் அடியாரை நிற்கவைத்துவிட்டு உள்ளே செய்யும் பூசை எந்த வகையில் பூசையாகும் என்பது அவர் கேள்வி. பசவண்ணர் பதறி எழுந்து வெளியே வந்து பணிகின்றார்.

இக்கதையில் என்னை ஈர்ப்பது பசவண்ணர் பணிந்தது அன்று. அடியார் கதைகளில் பணிவுக்குப் பஞ்சமில்லை. புதியவர் நிற்கும்போது தவறு செய்தவர் அவைக்கு முதல்வர். தவற்றை எடுத்துரைத்தவர் வயதில் இளையவர். அதை மறைக்காமல் எழுதிவைத்தவர்கள் பசவண்ணரைத் தெய்வமாகவே போற்றியவர்கள். இம்மூன்றும் ஓரிடத்தில் சேர்வது அரிது. மேலும், பசவண்ணர் செய்துகொண்டிருந்தது வீண்வேலை அன்று. அவர் உயிரினும் பெரிதாக மதித்த பூசை. நல்ல பணியில் மூழ்கியிருப்பதால்தான் பெரும்பாலான அவைகள் தம் வாயிலில் நிற்பவரை மறக்கின்றன.

அடுத்து அக்கமகாதேவி வந்த நாள். சிவமொக்கைப் பகுதியில் உடுதடி என்னும் ஊரில் பிறந்தவர். கௌசிகன் என்னும் தலைவனைத் துறந்து, ஆடையையும் துறந்து, நீண்ட கூந்தலே போர்வையாக நெடுவழி நடந்து கல்யாணத்தை அடைந்தார். கின்னரி பொம்மய்யா அவரை முதலில் சோதித்தார் என்று நூல் கூறும். பின்னர் அவை நடுவே அல்லமர் கேட்கின்றார். இளமை ததும்பும் பெண்ணாகிய நீ இங்கு வந்தது ஏன்? உன் கணவன் யார் என்று சொன்னால் அமரலாம்; இல்லையேல் வந்த வழியே செல்லலாம். மகாதேவி, தம் கணவர் சென்னமல்லிகார்ச்சுனரே என்று விடை கூறுகின்றார். உடலைத் துறந்தவள் என்றால் கூந்தலால் உடலை மறைப்பது ஏன் என்று அடுத்த கேள்வி வருகின்றது. உள்ளே பழம் கனியாதவரை மேல்தோலின் நிறம் மங்காது என்றும், தம் உடலைக் கண்டு அவையினர் மனம் நோகலாகாது என்பதற்காகவே மறைத்ததாகவும் மகாதேவி விடை தருகின்றார். கேள்விகள் நீள்கின்றன, விடைகளும் நீள்கின்றன. முடிவில் அவை முழுவதும் அவரை வணங்குகின்றது.

அறிஞர் பலர் இக்காட்சியை விளக்கும்போது, அல்லமர் மகாதேவியை ஐயுறவில்லை, அவருடைய பெருமையை உலகறியச் செய்வதற்காகவே கேட்டார் என்று கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் அதுவே முழு உண்மை என்று என்னால் ஏற்க இயலவில்லை. வழிநடந்து களைத்து வந்த ஓர் இளம்பெண்ணைப் பலர் முன்னிலையில் நிறுத்தி, உடலைக் குறித்துக் கேட்ட கேள்வி கடுமையானதே. காசுமீரத்து அரசராக இருந்து, பட்டம் துறந்து, விறகு விற்பவராகக் கல்யாணத்திற்கு வந்ததாக மரபு கூறும் மோளிகெய மாரய்யாவைக் குறித்து இத்தகைய கேள்வி எழுந்ததாக அறியோம். புதியவர் அனைவர்க்கும் ஒரே வாயில் என்று சொல்லிக்கொண்ட அவையிலும், பெண்ணுக்கு வாயில் சற்றே குறுகியிருந்தது.

இவ்விடத்தில் மணிமேகலையை மீண்டும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வஞ்சி நகரத்திற்குச் சென்று பல சமயக் கணக்கரின் கொள்கைகளைக் கேட்டறிய வேண்டும் என்பது மணிமேகலைக்கு விதிக்கப்பட்ட பணி. ஆனால் நீ இளையவள், வளையணிந்தவள் என்று கருதி எவரும் உனக்கு மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வமே அவளுக்கு முன்னதாக எச்சரித்து, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் தருகின்றது. அவ்வாறே அவள் ஒரு மாதவன் வடிவம் பூண்டுதான் சமயக் கணக்கரிடம் செல்கின்றாள். வைதிகவாதி முதல் பூதவாதி வரை அனைவரும் அந்த மாதவனுக்கு முறையாக விடை சொல்கின்றனர். மகாதேவிக்கு மந்திரம் இல்லை. தன் வடிவத்தோடு வந்தார். தன் வடிவத்தைப் பற்றியே கேட்கப்பட்டார். நின்று விடை கூறினார். வஞ்சியின் கணக்கர்கள் கடுஞ்சொல் கூறவில்லை. ஆனால் தம்மிடம் பாடம் கேட்டவள் ஒரு பெண் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கல்யாணத்து அவை கடுமையாகக் கேட்டது. கேட்டபின் அவள் பெண் என்பதை அறிந்தே இருக்கை தந்தது. மகாதேவி என்ற பெயருக்கு முன் அக்கா என்னும் சொல் ஒட்டிக்கொண்டது. வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தனர்.

அப்பா, அண்ணா, அக்கா என்னும் முறைச் சொற்கள் தமிழுக்கும் கன்னடத்திற்கும் பொது. சரணர்கள் இச்சொற்களைக் கொண்டே புதியவரைத் தம்முள் சேர்த்துக்கொண்டனர். இதற்குச் சிறந்த சான்று மாதார சென்னய்யா. தோல்தொழில் செய்யும் குலத்தவர். சோழ நாட்டில் கரிகாலனின் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போட்டவர் என்று மரபு அவரைத் தமிழ்நிலத்தோடு இணைக்கின்றது. அவரைத் தம் அப்பன் என்று பசவண்ணர் ஒரு வசனத்தில் உரிமை கொண்டாடுகின்றார். அந்தணர் குடியில் பிறந்த அமைச்சர் ஒருவர் இவ்வாறு சொன்னது 12ஆம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில் நம் சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவார் வரலாற்றைப் பாடினார். தில்லை எல்லையிலே நின்று நின்று ஏங்கிய அப்பெரியார் தீயில் புகுந்து வெளிவந்த பின்னரே அம்பலத்தை அடைந்தார். சேக்கிழாரின் நெஞ்சம் அவர்பால் உருகியது உண்மை. எனினும் புதியவர் தீயின் வழியாகத்தான் வரமுடிந்தது என்பதும் உண்மை. சென்னய்யாவை நம்மவர் என்று பெருமை பேசுவோர் இவ்விரு செய்திகளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

வந்தவர்க்கு உணவு தரும் இடம் வேறு, கேள்வி கேட்கும் இடம் வேறு என்று கல்யாணத்தார் பிரித்து வைத்திருந்ததையும் கவனிக்கவேண்டும். பசவண்ணரின் இல்லம் மகாமனை எனப்பட்டது. அங்கு வருவோர்க்கு உணவளிக்கும் தாசோகம் நடந்தது. உண்ண வந்தவரை எவரும் எதுவும் கேட்பதில்லை. மழையிரவில் வந்த அடியவர்க்காக விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரிவந்து சமைத்த இளையான்குடி மாறனாரின் வழி அது. ஆனால் அவையில் அமர்ந்தவரைக் கேள்வி கேளாமல் விடுவதில்லை; மூத்தவர்களும் விலக்கு அன்று. ஐதக்கி மாரய்யா, பசவண்ணர் வீட்டு முற்றத்தில் சிந்திய அரிசியைப் பொறுக்கிவந்து அன்றாட உணவுக்கும் அடியார் பூசைக்கும் பயன்படுத்தியவர். ஒருநாள் வழக்கத்திற்கு மேல் அரிசியைக் கொண்டுவந்தார். அவர் மனைவி இலக்கம்மா, இந்த மிகுதி நமக்கு வேண்டாம், எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அரிசி பொறுக்கும் வீட்டுப் பெண் ஒருத்தி அமைச்சர் வீட்டுச் செல்வத்தைத் திருப்பி அனுப்புகின்றாள். அந்த இலக்கம்மாவின் வசனங்களும் மற்றையோர் வசனங்களோடு ஒரே வரிசையில் போற்றப்படுகின்றன. ஓடம் செலுத்துபவர், துணி வெளுப்பவர், கயிறு திரிப்பவர் எனத் தத்தம் தொழிலையே பெயரின் முன்னொட்டாகக் கொண்டு அமர்ந்த அவை அது. தொழிலுக்குக் காயகம் என்று பெயர். வந்தவர் இன்ன நூல் கற்றவரா என்று எவரும் கேட்கவில்லை. அவருக்கு என்ன காயகம் என்று கேட்டனர்.

இவ்வாறு சேர்த்துக்கொண்டதற்கு அவை கொடுத்த விலை பெரிது. செருப்புத் தைக்கும் தொழிலரான ஹரளய்யாவின் மகனுக்கும் அந்தணராகப் பிறந்த மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்தது. இருவர் குடும்பமும் சரணர் கூட்டத்தில் சேர்ந்தபின் குலம் ஏது என்பது சரணர்களின் நிலை. ஊரார் அவ்வாறு எண்ணவில்லை, மன்னனும் எண்ணவில்லை. தந்தையர் இருவரும் கொடிய தண்டனைக்கு ஆளாயினர். கல்யாணத்தில் கலகம் மூண்டது. 1167-68 அளவில் பிச்சலன் கொல்லப்பட்டான். பசவண்ணர் அதற்குச் சற்று முன்னரே கூடலசங்கமம் சென்று அங்கேயே மறைந்தார். சென்னபசவண்ணரும் மற்றவர்களும் ஏட்டுச் சுவடிகளோடு உளவி மலைக்காடுகளை நோக்கி நடந்தனர். புதியவரை வரவேற்ற அவையினர் அனைவரும் தாமே வேற்றூர்களில் புதியவராயினர்.

அந்தச் சுவடிகளைத் தேடி எடுத்தவர் பிசாப்பூர் வழக்கறிஞர் ஃப.கு. ஹளகட்டி. 1880இல் பிறந்தவர். வீடு வீடாகச் சென்று ஏடுகளைத் திரட்டி, 1923இல் 'வசன சாத்திர சார'த்தின் முதல் பகுதியை வெளியிட்டார். 1925இல் தாமே ஓர் அச்சகம் நிறுவி, அடுத்த ஆண்டு 'சிவானுபவ' என்னும் இதழைத் தொடங்கினார். நம் உ.வே.சாமிநாதையரை அறிந்தவர்க்கு அவரைப் பற்றி மேலும் கூறவேண்டுவதில்லை. 1964இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் பெங்களூரில் பி.டி. ஜத்தி பசவ சமிதியைத் தொடங்கினார். எம்.எம். கல்புர்கியைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அச்சமிதி வசனங்களை இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்த்து வெளியிட்டபோது தமிழும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2015இல் தார்வாட்டில் தம் வீட்டு வாயிலில், தேடிவந்தவர்க்குக் கதவு திறந்தபோது, கல்புர்கி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி நம் நகரத்திற்கு வருவோம். தமிழர் பெங்களூருக்குப் புதியவர் என்பதும் பழையவர் என்பதும் ஒருசேர உண்மை. தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலிலும் மடிவாளம் சோமேசுவரர் கோயிலிலும் உள்ள இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பழமைக்குச் சான்று. ஆனால் இன்றுள்ள தமிழ்க் குடும்பங்களுள் பல, 1809இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலப் படை இங்கு மாறி, தண்டுப் பகுதி உருவான பின்னர் வந்தவை. 1864இல் சென்னையிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் அந்த வரவு பெருகியது. கொத்தரும் தச்சரும், கடைக்காரரும் கணக்கரும் வந்தனர். முதலில் வந்தவர் அடுத்து வந்தவர்க்குத் திண்ணையில் இடம் கொடுத்தனர். எந்தத் தெருவில் வேலை கிடைக்கும், கன்னடத்தில் விலை கேட்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தனர். 1950இல் தமிழ்ச் சங்கம் தோன்றியபோது அதற்கு முன்பே அல்சூரின் தெருக்களில் அத்தகைய பல சிறு சங்கங்கள் பெயரில்லாமல் இயங்கிக்கொண்டிருந்தன.

இன்று நம் அவைகளுக்கு வருபவர் வேறு வகையினர். கணிப்பொறி அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர் வருகின்றனர். இங்கேயே பிறந்து கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழைக் காதால் மட்டும் அறிந்தவர் வருகின்றனர். லகர ளகரம் மயங்கப் பேசும் ஒருவர் ஐயம் கேட்க எழுந்தால், முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுவதை நாம் பல ஊர்களின் கூட்டங்களிலும் கேட்டிருக்கின்றோம். அல்லமரின் கேள்வி கடுமையானது. ஆனால் அவர் விடைக்காகக் காத்திருந்தார். சிரிப்பு விடைக்காகக் காத்திருப்பதில்லை. எழுந்தவர் அமர்ந்துவிடுகின்றார்; அடுத்த கூட்டத்திற்கு அவர் வருவதில்லை; ஏன் வரவில்லை என்று கேட்க அவர் பெயரும் எவர்க்கும் தெரிவதில்லை. பெயரைக் கேட்டு எழுதிவைத்து, கூட்டம் முடிந்தபின் அவர் அருகே சென்று பேச ஒருவரை அமர்த்தினால் போதும். அப்பண்ணரை அனுப்பாமல் பசவண்ணரே செல்வது இன்னும் நன்று.

வாயிலில் நிற்பது என்ன என்பதைப் பெங்களூர்த் தமிழர் வேறொரு வகையிலும் அறிவர். அல்சூர் ஏரிக்கரை அருகே 1991இல் நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை, எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடியபடி நின்றது. 2009 ஆகத்து 9ஆம் நாள் கருநாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. மூன்றடிப் பாடல்களால் மக்களிடையே வாழும் அப்புலவர் ஊர் ஊராகத் திரிந்து, ஒவ்வோர் ஊரிலும் புதியவராகவே வாழ்ந்தவர் என்று கன்னட மக்கள் சொல்கின்றனர்.